எஸ்கலின் தரைக்கு வந்துகொண்டிருந்த காலம்

எங்கள் உப்பள ஊரான மூன்றளத்தில் எஸ்கலின் விழத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து எல்லோரும் ஆட்டுக்கறி வாங்க நின்ற நேரத்தில். அவள் விழுந்து முடித்தது அதற்குப் பிறகு பலமுறை உப்பு விளைந்து, பலமுறை மழை வந்து பாத்திகளை அழித்துப் போன பின்னால். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் பிள்ளை பெற்றோம், சண்டை போட்டோம், கோயிலுக்கு வெள்ளையடித்தோம், லாரிக்காரனிடம் ஏமாந்தோம். எல்லாமே அவள் தலைக்குக் கீழே, தரைக்கு மேலே இருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் நடந்தது. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இன்னும் அப்படித்தான் கணக்குச் சொல்வார்கள். எங்க மூத்தவ பிறந்தப்போ எஸ்கலின் இடுப்பு உயரத்துல இருந்தா, என்பார்கள்.

விழக் கற்றுக்கொள்ளப் போய்த்தான் அவள் விழுந்தாள். துறைமுகத்தில் காவல் வேலை பார்க்கும் பிச்சையா என்பவர், ஜூடோவில் கறுப்புப் பட்டை வாங்கியவர், ஊருக்கு வெளியே ஆளில்லாமல் கிடந்த உப்புக் கிட்டங்கியில், ஓடு வேய்ந்த பழைய கிடங்கில், கயிற்றுப் பாய்களை விரித்து வகுப்பு தொடங்கினார். முதலில் எங்கள் பையன்கள் போனார்கள். ஆளைத் தூக்கி எறியலாம் என்று நம்பிப் போனவர்களை அவர் வாரக்கணக்கில் உருளச் சொன்னதும், ஒவ்வொருவனாகப் பந்து விளையாடப் போய்விட்டான். கிட்டங்கியில் பிச்சையாவும் பாய்களும் மட்டும் மிச்சம். அப்போதுதான் உப்புச் சுமக்கும் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். போன கோடையில் ஞானப்பூ, உப்பு ஏற்ற லாரியில் சாய்த்து வைக்கும் பலகையிலிருந்து வழுக்கித் தலைகுப்புற விழுந்து, விழுந்த இடத்திலேயே முடிந்துபோயிருந்தாள். அந்தப் பலகையில்தான் இவர்களும் தினமும் ஏறி இறங்க வேண்டும்.

"மாஸ்டர் தம்பி," என்றாள் எஸ்கலின். அவர்களில் துணிச்சலாகப் பேசக்கூடியவள் அவள்தான். "எங்களுக்கு ஒருத்தரையும் தூக்கி எறிய வேண்டாம். அடிபடாம விழுறதுக்கு மட்டும் சொல்லிக் குடுத்தீரும்னா போதும்."

"யாராவது எறிஞ்சாத்தானேக்கா விழ முடியும்?" என்றார் பிச்சையா. தன்னைவிட மூத்த பெண்கள் இத்தனை பேரை ஒன்றாகப் பார்த்ததில் அவருக்கு வியர்த்திருந்தது.

"அதுக்கென்ன, நாங்களே ஒருத்திய ஒருத்தி எறிஞ்சுக்கிடுதோம். வீட்டுல வாயால எறியதுதானே."

அப்படித் தொடங்கியது. புருஷன்மாரின் பழைய கால்சட்டையும் சட்டையும் போட்டு, இடுப்பில் சணல் கயிற்றைத் திரித்துப் பட்டையாகக் கட்டிக்கொண்டு, ஞாயிறுதோறும் அவர்கள் விழுந்தார்கள். பிச்சையா சொன்னது எளிய பாடம். விழும்போது உடம்பு தரையைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் கையால் தரையை ஓங்கி அடி. மூச்சை வெளியே விடு. தோளில் இறங்கி, முதுகில் குறுக்காக உருண்டு, இடுப்பு வழியாக எழுந்திரு. எது மறந்தாலும் நாடியை, அதாவது மோவாயை, நெஞ்சோடு ஒட்டிவைத்து, வயிற்றில் கட்டிய பட்டையின் முடிச்சைப் பார். முடிச்சைப் பார்க்கிறவர்களின் மண்டை தரையில் மோதாது. அண்ணாந்து பார்க்கிறவர்களின் மண்டைதான் மோதும்.

தரையை அடிப்பது எங்கள் பெண்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. யார் யாரையோ நினைத்துக்கொண்டு அடித்தார்கள் போல, கிட்டங்கி அதிர்ந்தது. உருளுவதும் வெட்கம் போன பிறகு வந்துவிட்டது. வராதது கழுத்து. பத்து வயதிலிருந்து தலையில் சும்மாடும் அதன் மேல் உப்புப் பெட்டியும் வைத்து நடந்தவர்கள் அவர்கள். கழுத்து ஒரு விரல்கடை முன்னால் சாய்ந்தால் உப்பு கொட்டும், கங்காணி கத்துவான். தூங்கும்போதும், கும்பிடும்போதும், அழும்போதும்கூட எங்கள் பெண்களின் கழுத்து நேராகத்தான் நிற்கும். ஞானப்பூ பலகையிலிருந்து விழுந்தபோது பெட்டி எங்கோ போய்விட்டது. ஆனால் அவள் கழுத்து பெட்டியைத் தாங்கியபடியே தரைக்கு வந்தது. அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

பிச்சையா ஒரு கைக்குட்டையை மடித்து அவர்களின் நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைத்து, கீழே விழாமல் பிடிக்கச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லோருக்கும் கழுத்து இளகியது, எஸ்கலினைத் தவிர. அவள் கைக்குட்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் பாயில் கிடந்தது.

"முடிச்சப் பாருங்க மதினி," என்று கெஞ்சுவாள் ஜெனோவா.

ஜெனோவா எஸ்கலினுடைய புருஷன் சிலுவைதாசனின் தங்கை. கட்டிக்கொடுத்த வீட்டில் வாழ முடியாமல் ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தபோது அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எஸ்கலின்தான் எழுந்து போய், தன் தட்டிலேயே அவளுக்குச் சோற்றைப் போட்டு, "தின்னுட்டி, பொறவு அழலாம்," என்றாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே பாத்தியில் வாரி, ஒரே பலகையில் ஏறி, ஒரே சீப்பில் தலைவாரினார்கள். தாய் இல்லாமல் வளர்ந்த ஜெனோவாவுக்கு இந்த உலகத்தில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த மதினியைத் தவிர வேறு யாரும் இல்லை. இது ஊருக்கே தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெனோவாதான் அவளை எறிய வேண்டிய முறை. ஒரு கையால் சட்டைக் கையைப் பிடித்து, இன்னொரு கையால் முதுகை அணைத்து, இடுப்பைக் கொடுத்து, புரட்டிப் போட வேண்டும். எறிகிறவள் கடைசிவரை சட்டைக் கையை விடக் கூடாது, விழுகிறவள் தரையைத் தொடும்போது அதை மேலே இழுத்துக் கொடுக்க வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு. எஸ்கலினின் கால்கள் தரையை விட்டபோது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"மெதுவாப் போடுட்டி."

ஜெனோவா மெதுவாகத்தான் போட்டாள். எஸ்கலின் அவள் இடுப்புக்கு மேலே புரண்டாள், பாதங்கள் கூரைப் பக்கம் போயின, தலை கீழே திரும்பியது, அங்கிருந்து மெதுவாக, மிக மெதுவாக, இறங்கத் தொடங்கினாள். முதலில் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அடுத்த ஜோடி எழுந்து நின்று தங்கள் முறைக்குக் காத்திருந்தது. பிறகு பிச்சையா விசிலை வாயிலிருந்து எடுத்தார். பிறகு மதியச் சாப்பாட்டு நேரம் வந்தது. எஸ்கலின் இன்னும் விழுந்துகொண்டிருந்தாள், சிரிப்பில் பாதியும் பயத்தில் பாதியுமாக, நாடியைத் தூக்கிக்கொண்டு.

ஜெனோவா அன்று பொழுது சாயும்வரை சட்டைக் கையை விடவில்லை. பெண்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக் கஞ்சி குடிக்க வைத்தார்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தூத்துக்குடியிலிருந்து டாக்டரைக் கூட்டிவந்தோம். அவர் நாடித் துடிப்பைப் பார்க்கக் கையைப் பிடித்து, அரைநாள் காத்திருந்தும் ஒரு துடிப்புக்கூட முடியவில்லை என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார். தோணிக்கயிற்றை உத்தரத்தில் கட்டி அவளைத் தாங்கிப் பார்த்தோம். கயிறு முறுக்கேறி, ஒரு திருவிழாக் காலம் முழுக்க முனகி, அறுந்தது. லாரி ஜாக்கியை முட்டுக் கொடுத்தோம். அது தரைக்கல்லில் புதைந்தது. இலவம்பஞ்சு மெத்தை வைத்தோம். சும்மா தொங்கிக்கொண்டிருந்த அவளுடைய வலது முழங்கை மட்டும் மெல்ல மெல்ல அதற்குள் இறங்கி, பஞ்சை மாவாக்கிவிட்டு அடுத்த பக்கம் வந்தது. விழுவது மெதுவானதே தவிர அதன் பலத்தில் ஒன்றும் குறையவில்லை என்று அப்போது புரிந்துகொண்டோம். தரையைத் தோண்டினால் காலம் கூடுமே என்றார்கள் சிலர். காலம் கூடினால் உயரமும் கூடும், உயரம் கூடினால் அடியும் கூடும் என்று பிச்சையா மறித்துவிட்டார். ஜெனோவா அவள் நாடியில் கைவைத்து அழுத்திப் பார்த்தாள். உப்பு ஏற்றிய லாரியைத் தள்ளியது மாதிரி இருந்தது. அந்தக் கழுத்து எஸ்கலின் சொன்னால் மட்டும்தான் மடங்கும்.

ஆகவே மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. தரைக்கு வருவதற்குள் எஸ்கலின் நாடியை நெஞ்சோடு ஒட்ட வேண்டும். ஒட்டினால் தோளில் இறங்குவாள், உருளுவாள், எழுந்து நின்று அடுத்து யாரட்டி என்று கேட்பாள். ஒட்டாவிட்டால் ஞானப்பூவுக்குப் பக்கத்தில் குழி.

இதற்கிடையில் ஊர் அவளுக்குப் பழகிவிட்டது. எதற்குத்தான் பழகவில்லை நாங்கள்? சிலுவைதாசன் முதலில் தினமும் வந்தான், அப்புறம் ஞாயிறு மட்டும் வந்து அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பீடி குடித்தான், அப்புறம் கிட்டங்கிக் கூரையில் ஓடு மாற்ற மட்டும் வந்தான். அவன் புருஷனா, பெண்டாட்டியை இழந்தவனா என்று பங்குச்சாமியாரைக் கேட்டார்கள். அவள் கீழே வரட்டும், பார்ப்போம் என்றார் அவர். அவளைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடிய பிள்ளைகள் அவள் பாதத்தைத் தொட்டு ஜெயித்தார்கள். மழைக்கு ஒதுங்கிய லாரி டிரைவர்கள் சட்டையைக் கழற்றி அவள் கணுக்காலில் தொங்கவிட்டபோது, எங்கள் பெண்கள் அவர்களை விளக்குமாற்றால் அடித்து விரட்டினார்கள்.

பிறகு உப்பு வந்தது. யாரோ ஒருத்திக்குத் தலைவலி. எங்கள் பக்கத்தில் நோய் கரைய வேண்டுமென்றால் மாதா கோயிலில் உப்பும் மிளகும் போடுவது வழக்கம். கோயில் தூரம், எஸ்கலின் பக்கம். இத்தனை நாளாக விழுந்தும் அடிபடாதவளிடம் ஏதோ இருக்கிறது என்று நினைத்து அந்தப் பெண் ஒரு பிடி உப்பை அவள் தலைக்கு நேர் கீழே போட்டு வேண்டிக்கொண்டாள். தலைவலி போய்விட்டது. அவ்வளவுதான். முழங்கால் வலிக்கு ஒரு படி, பிள்ளை வரத்துக்கு ஒரு பெட்டி, துபாய் விசாவுக்கு ஒரு மூட்டை. உப்புக்கா பஞ்சம் எங்கள் ஊரில்? எஸ்கலினுக்குக் கீழே ஓர் அம்பாரம் எழுந்தது.

காலையில் ஜெனோவா வந்து அதை வாரி வெளியே கொட்டுவாள். மாலைக்குள் மறுபடி குவிந்துவிடும்.

"அவ கீழ வாரதுக்கே வழியக் காணும், நீங்க தரையை மேல தூக்குதியளே!" என்று கத்துவாள். "இது சாமியில்ல, எங்க மதினி!"

"உப்பு மெத்துனுதானேட்டி இருக்கும்," என்பார்கள் பெண்கள், அவள் முகத்தைப் பார்க்காமல். "மெத்த மாதிரி தாங்கிக்கிடும்." மெத்தைக்கு என்ன ஆனது என்று பார்த்தவர்கள்தான் இதையும் சொன்னார்கள். தங்கள் நேர்ச்சை வாரப்படுவதை யாரும் விரும்பவில்லை. ஐப்பசியில் ஜெனோவாவுக்குக் காய்ச்சல் கண்டு அடைமழை முழுக்கப் படுத்துக் கிடந்தபோது கிட்டங்கி ஒழுகியது, அம்பாரம் நீர்விட்டது. தை வெயிலில் காய்ந்தது. உப்பு நனைந்து காய்ந்தால் பாறையாகும் என்பது இந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து உப்பையே பார்த்தவர்கள் நாங்கள், ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. ஜெனோவா எழுந்து வந்து கடப்பாரையை எடுத்தாள். ஒரு போட்டில் தீப்பொறி பறந்து, அதிர்வில் எஸ்கலின் தலைக்கு மேல் ஓடு சரிந்தது. பிச்சையா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எஸ்கலினுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் பெரும்பகுதியை உப்பு தின்றுவிட்டிருந்தது.

அந்தத் தவக்காலத்தில்தான் ஜெனோவா ஒன்றைக் கண்டுபிடித்தாள். சாம்பல் புதனன்று எஸ்கலினின் இமைகள் மூடத் தொடங்கியிருந்தன. உயிர்த்த ஞாயிறு முடிந்தபோது அவை திரும்பத் திறந்திருந்தன. ஊருக்குள் ஓடி வந்தாள்.

"மதினி கண்ண சிமிட்டிட்டா! அவ செத்தவளும் இல்ல, சாமியும் இல்ல. அவளுக்கு இன்னும் அதே ஞாயித்துக்கிழமதான். நாம பேசுதது அவளுக்குக் கொசு பறக்க மாதிரி போயிரும். அவ விழுத மெதுவுக்கு நாமளும் மெதுவாச் சொன்னா, அவளுக்குக் கேக்கும்!"

எங்களுக்கு ஆச்சரியமாக இல்லை, வெட்கமாகத்தான் இருந்தது. இத்தனை நாளும் அவளிடம் எங்கள் தலைவலியைச் சொல்லியிருக்கிறோம். அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. மிக்கேல் உபதேசியார் கோயில் ஆர்மோனியத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, எவ்வளவு மெதுவாக இழுக்க வேண்டும் என்று ஓர் இமைப்பை வைத்துக் கணக்குப் பார்த்தார். ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ ஒரு தவக்காலம் ஆகும் என்றார். ஒருவர் மூச்சு முடியும் இடத்தில் அடுத்தவர் அதே எழுத்தை அதே சுருதியில் எடுக்க வேண்டும், நடுவில் அறுந்தால் எல்லாம் போச்சு. ஜெபமாலைக்கு முறை வைப்பதுபோல வீட்டுக்கு வீடு முறை வைத்தார்கள்.

என்ன சொல்வது என்பதில்தான் சண்டை.

"நேரா விஷயத்தச் சொல்லிரலாமே," என்றார் பிச்சையா. "நாடின்னு சொன்னாப் போதும். தினமும் சொன்ன பாடந்தானே, புரிஞ்சுக்கிடுவாங்க."

எல்லாப் பெண்களும் அவர் மேல் பாய்ந்தார்கள். வெளியூர்க்காரருக்கு என்ன தெரியும்? உப்பளத்தில் காற்று எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும். இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு ஒன்று சொல்ல வேண்டுமென்றால், முதலில் அக்கா, சித்தி என்று முறைவைத்துக் கூப்பிடுவோம். அவள் நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்த பிறகுதான் விஷயம். கூப்பிடாமல் சொன்ன வார்த்தையைக் காற்று கொண்டுபோய்க் கடலில் போட்டுவிடும். மரியாதையும் அதுதான். கூப்பிடாமல் மொட்டையாகப் பேசுவது கங்காணிகளின் பழக்கம்.

"கூப்பிடாம எடுத்த எடுப்புல சொன்னா, யாருக்கோ சொல்லுதாவன்னு இருந்துருவால்லா," என்றாள் ஜெனோவா. "மொதல்ல கூப்பிடுவோம். பொறவு நாடின்னு சொல்லுவோம்."

உப்பு தின்ற இடத்தையும் கழித்துப் பார்த்தார் உபதேசியார். அவசரமாகச் சொன்னால் இரண்டு வார்த்தைக்கு இடமிருக்கிறது, இழுத்துப் பிடித்தால், என்றார். யார் முறையில் கூப்பிடுவது என்பதிலும் ஒரு வாரம் போனது. ஒருத்திக்கு அவள் சித்தி, ஒருத்திக்கு அக்கா, எங்களில் பாதிப்பேருக்கு மகள் முறை. கடைசியாக அவள் காதில் விழுந்தது ஜெனோவாவின் குரல்தான், அதனால் மதினி என்றே கூப்பிடுவது என்று முடிவாயிற்று. எண்பது வயது பவுலீன் கிழவரும் அவளை மதினி என்று கூப்பிட ஒப்புக்கொண்டார்.

அப்படி எங்கள் ஊர் கூப்பிடத் தொடங்கியது. உதடுகளை மூடிக்கொண்டு ம் என்று தொடங்கி, அந்த ம-வை மாவு இடிக்கும்போதும் மீன் ஆயும்போதும் விடாமல் பிடித்து, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கைமாற்றி, கல்யாண வீட்டில் மேளத்துக்கு அடியில் அதை ஒளித்துவைத்துக் காப்பாற்றி, பந்தம் பிடித்துப் போகும் சாவு ஊர்வலத்திலும் இறக்கிவைக்காமல் கொண்டுபோய், அத்தனை பேரும் கிட்டங்கியில் வந்து முறைக்கு நின்றோம். பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்கள் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்க வேண்டியிருந்ததால் பேசத் தொடங்கின. குடிகாரர்கள் முறை நாளில் குடிக்கவில்லை. எஸ்கலினைக் கூப்பிட்ட அந்தக் காலத்தைப்போல எங்கள் ஊர் வேறெப்போதும் நல்ல ஊராக இருந்ததில்லை. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ம முடிந்து தி வந்தபோது கிழக்குக் காற்று மாறியிருந்தது. னி-க்கு வாயை இளித்து இளித்துப் பிள்ளைகளுக்குத் தாடை வலித்தது. சிலுவைதாசன்கூட வந்தான். தன் பெண்டாட்டியை மதினி என்று கூப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று, தன் பங்குக்கு னி-யை இழுத்தான்.

னி முடிந்த அன்று எல்லோரும் வாயை மூடினோம். ஊரே காது அடைத்ததுபோல அமைதியாக இருந்தது. அடுத்த வார்த்தையைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பகல் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம் என்றார் உபதேசியார்.

மறுநாள் காலை ஜெனோவா பார்த்தாள். எஸ்கலினின் கண்மணிகள் நகர்ந்திருந்தன.

கேட்டுவிட்டது! அவளுக்குக் கேட்டுவிட்டது! ஊரே கிட்டங்கிக்கு ஓடியது. திருவிழாவுக்கு வைத்திருந்த வெடிகளை வெடித்தார்கள். உபதேசியார் ஆர்மோனியத்தின் மேல் தலைவைத்து அழுதார். நாங்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம். நாடி என்று தொடங்கலாமா, யார் முதல் முறை என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, பிச்சையா மாஸ்டர் மட்டும் உப்புப் பாறையின் பக்கத்தில் குனிந்து, எஸ்கலின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வெளியே போய் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஜெனோவா அவர் பின்னால் போனாள்.

"என்ன மாஸ்டர்?"

அவர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"முடிச்சப் பாக்கணும் அவுங்க," என்றார். "உன்னப் பாக்குறாங்க."

ஜெனோவா திரும்பி ஓடினாள். உண்மைதான். வரப்பில் நிற்கும் பெண் தன்னைக் கூப்பிடும் குரல் கேட்டால் எப்படி நிமிர்வாளோ அப்படி, இத்தனை காலமும் பிடித்த பிடியாக நின்ற எஸ்கலினின் கழுத்து அசையத் தொடங்கியிருந்தது, பின்பக்கமாக. நாடி நெஞ்சை விட்டு இன்னும் விலகி மேலே போய்க்கொண்டிருந்தது. யார் கூப்பிட்டது என்று பார்ப்பதற்காக அவள் அண்ணாந்துகொண்டிருந்தாள். மண்டையின் பின்புறம் உப்புப் பாறைக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

நாங்கள் அவளுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. கூப்பிட்டோம், அவ்வளவுதான். கூப்பிட்டால் நிமிர வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியதும் நாங்கள்தான்.

தலை சாய்கிற சாய்வே மிச்ச இடைவெளியைத் தின்றுவிடும், அடுத்த வார்த்தைக்கு இடம் இல்லை என்பது அளந்து பார்க்காமலே தெரிந்தது. பாதி எழுத்துக்குக்கூட இல்லை. ஆனாலும் சிலர் ந என்று தொடங்கினார்கள், சும்மா இருக்க முடியாமல். ஜெனோவா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போதும். அவளப் பயமுறுத்தாதிய."

பிறகு அவள் போய், எஸ்கலினின் கண்கள் எந்த இடத்தை நோக்கி வருகின்றனவோ அந்த இடத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, சிரித்தாள். அழுகை வழிகிற முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்படியில் மதினியிடம் ஊர்க்கதை சொல்லும்போது சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தாள். எஸ்கலின் பார்ப்பதற்கு நாள் ஆகும். பார்க்கும்போது அந்த முகம் அங்கே இருக்க வேண்டும், கலங்கிய முகமாக இருக்கக் கூடாது, நடுவில் அசையவும் கூடாது, அசைந்தால் அவளுக்குப் புகை மாதிரித்தான் தெரியும். ஜெனோவா அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். சிரித்த வாயில் நாங்கள் கஞ்சியை ஊற்றினோம். தூக்கத்தில் தலை சாயாமல் இருக்க இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் தாங்கினார்கள். பகலும் இரவுமாக இரண்டு வாரம் அப்படியே போனது. எஸ்கலினின் பார்வை வந்து சேர்ந்தது. அவள் முகத்திலிருந்த பாதிப் பயம் மெல்ல மெல்ல இறங்கிப் போனது. வாய் கொஞ்சம் திறந்தது. என்னட்டி என்று கேட்க வருகிறாள் என்று எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் அவள் கேட்காத நாள் இல்லை அந்தக் கேள்வியை.

அன்று பிற்பகல் ஜெனோவா சிரிப்பை விடாமலே கையை நீட்டி, அவளுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். எறிந்தவள் கடைசியில் இழுத்துக் கொடுக்க வேண்டும் அல்லவா, இழுத்தாள். தன் பலம் முழுவதையும் கொடுத்து இழுத்தாள். சட்டைக் கை தோளோடு பிய்ந்து அவள் கையில் வந்தது.

தரையைத் தொட்டதும் எஸ்கலினின் காலம் எங்கள் காலமாகிவிட்டது. இரண்டு சத்தம் கேட்டது. முதல் சத்தம் அவளுடைய இடது கை உப்புப் பாறையில் ஓங்கி அடித்த சத்தம். தூரத்துப் பாத்திகளில் கொக்குகள் எழும்பின. இரண்டாவது சத்தம் சிறியது. என்னட்டி என்பதில் என் மட்டும் வெளியே வந்திருந்தது.

பிச்சையா மாஸ்டர் அவள் கையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கச் சிவந்திருந்தது. "கையச் சரியா அடிச்சிருக்காங்க," என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், யாரோ மறுத்துப் பேசியதுபோல.

ஞானப்பூவுக்குப் பக்கத்தில்தான் அடக்கம் செய்தோம். அந்த உப்பை யாரும் வெட்டி விற்கவில்லை, அது கிட்டங்கிக்குள் இன்னும் இருக்கிறது, சில வருஷமாக அதற்கும் நேர்ச்சை தொடங்கியிருக்கிறது. பிச்சையா மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். லாரிப் பலகை அதே பலகைதான். எங்கள் ஊரில் இப்போது யாரையாவது முறைவைத்துக் கூப்பிட்டால் உடனே நிமிர மாட்டார்கள். முதலில் நாடியை நெஞ்சோடு ஒட்டி, வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு, பிறகுதான் தலையைத் தூக்கி என்ன என்று கேட்பார்கள். வெளியூர்க்காரர்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். யாருக்கும் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. பலகையில் வழுக்குகிறவளை யாரும் கூப்பிட்டுக்கொண்டிருப்பதில்லை, போன வருஷம்கூட ஒருத்தி விழுந்தாள்.

ஜெனோவா பாத்தியில்தான் இருக்கிறாள். அந்தச் சிரிப்பு அவள் முகத்திலிருந்து இறங்கவே இல்லை. அடக்கத்தின்போது குழிக்குப் பக்கத்தில் அப்படியே சிரித்துக்கொண்டு நின்றாள், ஊரில் ஒருத்தர்கூட அதைத் தப்பாகச் சொல்லவில்லை. இப்போதும் உப்பு வாரும்போது, பலகையில் ஏறும்போது, தனியாகச் சோறு தின்னும்போது, கண்ணில் நீர் வழியும்போது எல்லாம் அதே சிரிப்புதான். உப்பு வாங்க வரும் புது ஆட்கள் தயங்கித் தயங்கி எங்களிடம் கேட்பார்கள், அந்த அக்கா ஏன் எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்காங்க என்று.

"அவ மதினி பாத்துக்கிட்டு இருந்தால்லா, அதான்," என்போம் நாங்கள்.